உங்கள் தேர்வை அப்டேட் அழிக்காமல் இருக்க: லினக்ஸ் முன்னிருப்புகளைக் கையாள முழுமையான வழிகாட்டி

2017-இல் டெபியன் 9 என்ற லினக்ஸ் பதிப்பு வந்தபோது, பல ஆண்டுகளாக விம் எடிட்டரில் வேலை செய்துவந்த நிறைய பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். டெர்மினலில் விம்மைத் திறந்து, மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, வழக்கம்போல வலது கிளிக் செய்து காப்பி எடுக்கப் போனால் முடியவில்லை. மவுஸை விம் பிடித்துக்கொண்டு, தனக்குள்ளேயே எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் விஷுவல் மோடுக்குப் போய்விட்டது. அவர்கள் எதையும் மாற்றவில்லை. 2016 செப்டம்பரில் வெளிவந்த விம் 8, பயனருக்கென்று சொந்தமாக விம்ஆர்சி என்ற அமைவுக் கோப்பு இல்லாவிட்டால் தன்னுடைய டீஃபால்ட்ஸ்.விம் கோப்பை ஏற்றிக்கொள்ளும். அதில் மவுஸ் இயக்கப்பட்டிருந்தது.

சர்வர் நிர்வாகிகள் சிலர் ஈடிசி/விம் கோப்புறையில் உள்ள பொதுக் கோப்பில் மவுஸை அணைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கோப்புக்குப் பிறகுதான் டீஃபால்ட்ஸ்.விம் ஏறும், எழுதியதை அது மாற்றிவிடும். ஆனால் ஹோம் கோப்புறையில் .விம்ஆர்சி என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பை வைத்தாலே போதும், பழைய நடத்தை திரும்பிவிடும். உள்ளே ஒரு எழுத்துகூட வேண்டாம். அந்தக் கோப்பு இருந்தாலே, இந்தப் பயனர் தன் அமைப்பைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று விம் விலகிக்கொள்கிறது.

நான் சொல்லவருவது முழுக்க இதில் இருக்கிறது. உங்கள் விருப்பம் உங்கள் மனதில் இருந்தால் மென்பொருளுக்குத் தெரியாது. தவறான இடத்தில் எழுதினாலும் தெரியாது. இது பயனரின் தேர்வு என்று கணினி அடையாளம் காணும் இடத்தில் எழுதினால்தான் அடுத்த அப்டேட்டிலும் நிற்கும். லினக்ஸில் அப்படிப்பட்ட இடம் அநேகமாக எல்லாவற்றுக்கும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். டெபியன், உபுண்டு குடும்பத்தை மையமாக வைத்துச் சொல்கிறேன். மற்ற டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) வேறுபாடு முக்கியமாக இருக்கும் இடங்களில் அதையும் சேர்க்கிறேன்.

படி 1: இந்த முன்னிருப்பை வைத்தது யார் என்று கண்டுபிடியுங்கள்

முன்னிருப்பு என்பது நீங்கள் எதையும் மாற்றாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு, அதாவது டீஃபால்ட். மென்பொருளை எழுதியவர்கள் அப்ஸ்ட்ரீம். அதை எடுத்து உங்கள் டிஸ்ட்ரோவில் நிறுவத் தயாரான பொதியாக (பேக்கேஜாக) கட்டுபவர் பராமரிப்பாளர். கடைசியில் இருப்பது நீங்கள். ஒரு அமைப்பு பிடிக்கவில்லை என்றால் அது முதல் இருவரில் யாருடைய முடிவு என்று தெரிந்துகொள்ளாமல் கோபப்படுவதில் பயனில்லை.

சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருளான சிஸ்டம்டியின் 230-ஆம் பதிப்பு ஒரு நல்ல உதாரணம். அது 2016 மே மாதம் வந்தது. பயனர் லாக்-அவுட் செய்தால் அவருடைய எல்லாப் புராசஸ்களையும் கொன்றுவிடுவது என்று அப்ஸ்ட்ரீம் முன்னிருப்பை மாற்றியது. ஸ்கிரீன், டிமக்ஸ், நோஹப் ஆகியவற்றில் ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டுப் போகும் வேலைகள் இதனால் செத்துப்போகும். டெபியன் அந்த மாற்றத்தை அணைத்துவிட்டுப் பொதியைக் கட்டியது. இங்கே பராமரிப்பாளர் பயனரின் பழக்கத்துக்குக் காவலாக நின்றார். இதற்கு மாறாக, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சில், அங்கே ஓடும் நிரலின் சாளரத்தை உங்கள் திரையில் காட்டும் எக்ஸ்11 ஃபார்வர்டிங்கை அப்ஸ்ட்ரீம் அணைத்து வைத்திருக்கிறது. அதன் சர்வர் பகுதியான எஸ்எஸ்எச்டிக்கு டெபியன் தரும் கான்ஃபிக் கோப்போ அதை இயக்கி வைக்கிறது. வசதிக்காக டிஸ்ட்ரோ எடுத்த முடிவு அது. சர்வரில் எனக்கு அது வேண்டாம், அதனால் முதல் நாளே அணைத்துவிடுவேன்.

தேட வேண்டிய இடங்கள் இவை. ஒரு கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்பதை, பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையின் பெரிய எஸ் விருப்பம் சொல்லும். பிறகு யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் கோப்புறைக்குள் அந்தப் பொதியின் பெயரில் உள்ள இடத்தில் சேஞ்ச்லாக்.டெபியன், நியூஸ்.டெபியன் என்ற கோப்புகளைப் படியுங்கள். பயனரைப் பாதிக்கும் மாற்றங்களைப் பராமரிப்பாளர் நியூஸ்.டெபியனில் எழுதுவது மரபு. ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் என்ற பொதியை நிறுவிக்கொண்டால் அப்டேட் நடக்கும் முன்பே அந்தச் செய்திகள் திரையில் வந்துவிடும். இதை எல்லாரும் நிறுவிக்கொள்ள வேண்டும் என்பேன். பாதி அதிர்ச்சிகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

படி 2: இப்போது உண்மையில் நடப்பில் இருப்பதைக் கேளுங்கள்

கோப்பைத் திறந்து பார்ப்பது போதாது. பத்து இடங்களிலிருந்து வரும் வரிகள் சேர்ந்துதான் கடைசி மதிப்பு உருவாகிறது. அதனால் மென்பொருளிடமே கேளுங்கள். எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய டி விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாம் சேர்ந்த பிறகு நிற்கும் மதிப்புகள் வரும். சிஸ்டம்சிடிஎல் கேட், ஒரு சர்வீஸின் மூலக் கோப்பையும் அதன் மேல் ஒட்டிய மாற்றங்களையும் பாதையோடு காட்டும். சிஸ்டம்டி-டெல்டா, சிஸ்டம்டி அமைப்புகளில் டிஸ்ட்ரோ தந்ததிலிருந்து உங்கள் கணினி எங்கெல்லாம் விலகியிருக்கிறது என்று மொத்தமாகச் சொல்லும். பொதிகளை இணையத்திலிருந்து எடுத்துவரும் ஆப்டுக்கு ஆப்ட்-கான்ஃபிக் டம்ப். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்கு, அதன் கான்ஃபிக் கட்டளையில் லிஸ்ட் விருப்பத்தோடு ஷோ-ஆரிஜின் சேர்த்தால் எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

நோம் டெஸ்க்டாப்பில் டிகான்ஃப் டம்ப் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் மாற்றியவை மட்டும் வரும். தொடாதவை அதில் இருக்காது, ஏனென்றால் அவை எங்கும் சேமிக்கப்படவே இல்லை. ஒவ்வொரு முறையும் முன்னிருப்பிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. நாளைக்கு டிஸ்ட்ரோ முன்னிருப்பை மாற்றினால் தொடாதவை எல்லாம் அதோடு மாறும், தொட்டவை நிற்கும். எனவே இப்போதைய முன்னிருப்பு உங்களுக்கு மிகவும் பிடித்திருந்து, அது மாறினால் வேலை கெடும் என்றால், அதே மதிப்பை வெளிப்படையாக எழுதி வைத்துவிடுங்கள். அது தேவையில்லாத வரிபோலத் தெரியும். மாற்றம் வரும் நாளில் அதன் அருமை புரியும்.

படி 3: சரியான அடுக்கில் எழுதுங்கள்

பொது விதி எளிது. யூஎஸ்ஆர் கோப்புறை டிஸ்ட்ரோவுக்குச் சொந்தம். ஈடிசி நிர்வாகிக்குச் சொந்தம். ஹோம் பயனருக்குச் சொந்தம். யூஎஸ்ஆரில் உள்ள ஒரு கோப்பை நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அது கேட்காமலே போய்விடும். அப்படிப் போனால் டிஸ்ட்ரோவைக் குறை சொல்ல முடியாது.

டெபியன் 13-ஐ வைத்துப் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் வந்த இந்தப் பதிப்பிலிருந்து, தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறை வட்டிலிருந்து நினைவகத்துக்கு, அதாவது டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்கு மாறியது. நினைவகத்தில் பாதி வரை அது வளரலாம். புதிதாக நிறுவிய கணினிகளில் டிஎம்பி கோப்புறையில் 10 நாட்களும், வார்/டிஎம்பி கோப்புறையில் 30 நாட்களும் தொடப்படாத கோப்புகள் தானாக நீக்கப்படும். 16 ஜிபி ரேம் உள்ளவருக்கு இது நல்ல மாற்றம்தான். 2 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்ஸில், அதாவது வாடகை மெய்நிகர் சர்வரில், பெரிய வீடியோ கோப்புகளை டிஎம்பியில் வைத்து மாற்றுபவருக்குத் தலைவலி.

வேண்டாம் என்பவர் செய்ய வேண்டியது: சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கட்டளையை டிஎம்பி.மவுண்ட் மேல் கொடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். மாஸ்க் என்ன செய்கிறது என்று பாருங்கள்: ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறையில் அதே பெயரில், எப்போதும் காலியாகவே இருக்கும் டெவ்/நல் நோக்கி ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போடுகிறது. ஈடிசியில் இருப்பது யூஎஸ்ஆரில் இருப்பதை மறைக்கும் என்பதால் டிஸ்ட்ரோவின் கோப்பு செயலிழக்கிறது. அளவை மட்டும் குறைக்க வேண்டுமானால் மாஸ்க் வேண்டாம். சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து அளவு வரியை மட்டும் எழுதுங்கள். தானாக நீக்குவதை நிறுத்த வேண்டுமானால் ஈடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி கோப்புறைக்குள் டிஎம்பி.கான்ஃப் என்ற காலிக் கோப்பு போதும். விம் கதையில் வந்த அதே காலிக் கோப்பு உத்தி.

சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையில் ஒரு எச்சரிக்கை. ஃபுல் என்ற விருப்பம் சேர்த்தால் முழுக் கோப்பும் நகலாகி ஈடிசிக்கு வரும். பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு பராமரிப்பாளர் அந்தச் சர்வீஸில் செய்யும் பாதுகாப்பு மேம்பாடு எதுவும் உங்களை வந்து சேராது. ஃபுல் இல்லாமல் கொடுத்தால் உங்கள் இரண்டு வரி மட்டும் ஓவர்ரைடு.கான்ஃப் கோப்பில் இருக்கும், மற்றதெல்லாம் அப்டேட்டோடு ஓடும். சர்வீஸைத் தொடங்கும் கட்டளையைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றும்போது முதலில் அதைக் காலியாக ஒருமுறை எழுதி, அடுத்த வரியில் புதிய மதிப்பைத் தர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கட்டளைகள் சேர்ந்து பிழை வரும். மனம் மாறினால் சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும்.

படி 4: முழு நகலை எழுதாதீர்கள், வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள்

முன்னிருப்புகள் கெட்டவை என்ற எண்ணம் எனக்கு இல்லை. அவற்றில் பெரும்பாலானவை நம்மைவிட அந்தத் துறையை நன்றாக அறிந்தவர்கள் யோசித்து வைத்தவை, காலப்போக்கில் மேம்படுபவை. ஓபன்எஸ்எஸ்எச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் வந்த 9.0 பதிப்பிலிருந்து, குவாண்டம் கணினிகளின் தாக்குதலைத் தாங்கும் சாவிப் பரிமாற்ற முறை முன்னிருப்பாக வந்தது. 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பில் அது இன்னொரு புதிய முறைக்கு மாறியது. எப்போதோ இணையத்தில் பார்த்த பாதுகாப்புக் குறிப்பிலிருந்து ஒரு நீண்ட அல்காரிதம் பட்டியலை அப்படியே ஒட்டி வைத்தவர்களுக்கு இந்த இரண்டுமே வந்து சேரவில்லை. பாதுகாப்பு வேண்டும் என்று செய்த வேலை, வரவிருந்த பாதுகாப்பைத் தடுத்துவிட்டது.

இதற்கு ஓபன்எஸ்எஸ்எச் அருமையான ஒரு வழி வைத்திருக்கிறது. பட்டியலின் முன்னால் கழித்தல் குறி போட்டு எழுதினால், முன்னிருப்புப் பட்டியலிலிருந்து அந்த அல்காரிதம்கள் மட்டும் நீங்கும். கூட்டல் குறி போட்டால் சேரும். மற்றவற்றை அப்ஸ்ட்ரீம் பார்த்துக்கொள்ளும். எந்த மென்பொருளிலும் முதலில் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம், வரிசை. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. சிஸ்டம்டியின் துண்டுக் கோப்புகளில் பெயர் வரிசையில் பின்னால் வருவது ஜெயிக்கும். எஸ்எஸ்எச்டியிலோ முதலில் வாசிக்கப்படுவது ஜெயிக்கும். கிளவுட் சர்வர் ஒன்றை எடுத்து, கடவுச்சொல் உள்நுழைவை அணைக்க எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி கோப்புறையில் 99 என்று தொடங்கும் கோப்பை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அதே கோப்புறையில் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பு கடவுச்சொல்லை அனுமதித்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். 50 முதலில் வாசிக்கப்படும், உங்கள் 99 வீண். கோப்பு சரியாகவே எழுதப்பட்டிருக்கும், சர்வீஸ் பிழையில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும், ஆனால் கதவு திறந்தே கிடக்கும். 10 என்று தொடங்கும் பெயர் வையுங்கள், பிறகு எஸ்எஸ்எச்டி பெரிய டி கொடுத்துச் சரிபாருங்கள். இருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பை மூடாமல் இன்னொரு டெர்மினலிலிருந்து உள்ளே வர முடிகிறதா என்றும் பாருங்கள்.

படி 5: டிபிகேஜி கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வது

அப்டேட்டின் நடுவில் திரை நின்று, இந்த அமைவுக் கோப்பை நீங்களோ ஒரு ஸ்கிரிப்டோ மாற்றியிருக்கிறீர்கள், பொதியும் புதிய பதிப்பைக் கொண்டுவந்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்கும். ஒய் அல்லது ஐ அழுத்தினால் பராமரிப்பாளரின் பதிப்பு. என் அல்லது ஓ அழுத்தினால் உங்களுடையது. டி அழுத்தினால் வித்தியாசம் காட்டும். இசட் அழுத்தினால் ஷெல் திறக்கும். வெறும் என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நேர்த்தியான கணக்கு இருக்கிறது. முன்பு தந்த கோப்பின் செக்சம்மை டிபிகேஜி நினைவில் வைத்திருக்கும். நீங்கள் தொடவில்லை என்றால் புதியதைச் சத்தமில்லாமல் வைத்துவிடும். நீங்கள் தொட்டு, பொதி மாறவில்லை என்றால் உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டுமே கேட்கும். கோப்பை நீங்கள் நீக்கியிருந்தால் அதையும் ஒரு தேர்வாக மதித்து மீண்டும் உருவாக்காது. உள்ளூர் மாற்றங்கள் அப்டேட்டில் காக்கப்பட வேண்டும் என்பது டெபியன் கொள்கை ஆவணத்திலேயே கட்டாய விதி. அந்தத் திட்டத்தின் மேல் எனக்குள்ள மரியாதையில் பெரும்பங்கு இந்த ஒரு விதியால் வந்தது.

பதில் சொல்லும் முறை: எப்போதும் முதலில் டி. வித்தியாசம் சின்னதாக இருந்து உங்கள் வரி இன்னும் தேவை என்றால் என் கொடுங்கள். பராமரிப்பாளரின் கோப்பு பக்கத்திலேயே .டிபிகேஜி-டிஸ்ட் என்று முடியும் பெயரில் காத்திருக்கும், பிறகு நிதானமாக ஒப்பிடலாம். ஒய் கொடுத்தால் உங்கள் பழையது .டிபிகேஜி-ஓல்ட் ஆகிவிடும். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது என்றால் உங்கள் மாற்றங்கள் பெரிய கோப்பில் கிடக்கின்றன என்று அர்த்தம். ஒரு கமெண்ட்டை மாற்றினால்கூட முழுக் கோப்பும் உங்கள் பொறுப்பாகிவிடும். அவற்றை எடுத்து, எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி போல .டி என்று முடியும் கோப்புறையில் தனித் துண்டாக வைத்துவிட்டு மூலக் கோப்பைப் பழையபடி ஆக்குங்கள்.

ஃபெடோராவில் இதே வேலைக்கு .ஆர்பிஎம்நியூ, .ஆர்பிஎம்சேவ், ஆர்ச்சில் .பேக்நியூ. இரண்டிலும் நடுவில் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், கோப்பை விட்டுவிட்டுப் போவார்கள். தேடிப் பார்ப்பது உங்கள் வேலை. ஆர்ச்சில் பேக்டிஃப் அதற்கு உதவும்.

படி 6: ஒரே வேலைக்குப் பல மென்பொருள்கள் இருந்தால்

அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையை டிஸ்பிளே எடிட்டர் என்று கொடுத்துப் பாருங்கள். டெபியன் கணினியில் நானோவுக்கு 40, விம்.பேசிக்குக்கு 30, ஈடி எடிட்டருக்கு மைனஸ் 100 என்று முன்னுரிமைகள் தெரியும். மேலே ஆட்டோ மோடு என்று இருக்கும். அதனால்தான் விம் நிறுவிய பிறகும், சூடோ அனுமதிகளைத் திருத்தும் விசுடோ கொடுத்தால் நானோ திறக்கிறது. கான்ஃபிக் எடிட்டர் என்று கொடுத்து நீங்கள் விம்மைத் தேர்ந்தெடுத்தால் அது மேனுவல் மோடுக்கு மாறும். இனி எந்தப் பொதி எவ்வளவு பெரிய எண்ணோடு வந்தாலும் உங்கள் தேர்வை அசைக்காது. பயனர் பேசியாயிற்று, எண்கள் இனி வாய் திறக்கக் கூடாது என்பதே இதன் விதி. திரும்ப டிஸ்ட்ரோ கையில் விட ஆட்டோ விருப்பம் கொடுத்தால் போதும்.

தமிழ் எழுத்துருவிலும் இதே பிரச்சினை உண்டு. எஃப்சி-மேட்ச் கட்டளைக்குச் சான்ஸ் என்பதையும் மொழிக் குறியாக டிஏ என்பதையும் தந்தால் உங்கள் கணினி தமிழுக்கு எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறது என்று தெரியும். லோஹித் வேண்டாம், நோட்டோ சான்ஸ் தமிழ்தான் வேண்டும் என்றால் எழுத்துருப் பொதிகளை நீக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹோமில் .கான்ஃபிக்/ஃபான்ட்கான்ஃபிக் கோப்புறையில் ஃபான்ட்ஸ்.கான்ஃப் எழுதி, மொழி தமிழாக இருக்கும்போது மட்டும் அந்த எழுத்துரு முன்னால் வரட்டும் என்று விதி வையுங்கள். மொழி நிபந்தனை இல்லாமல் பொதுவாக எழுதினால் ஆங்கில எழுத்துகளும் அந்த எழுத்துருவிலிருந்து வரத் தொடங்கி எல்லாத் திரையும் விகாரமாகும்.

படி 7: கேட்காதது நுழையாமலிருக்க

2009-இல் வந்த டெபியன் 5 முதல், ஒரு பொதி பரிந்துரைக்கும் மற்ற பொதிகளையும் ஆப்ட் சேர்த்தே நிறுவுகிறது. டெஸ்க்டாப்பில் அப்படியே விடுங்கள். அணைத்தால் சில வசதிகள் காரணம் தெரியாமல் வேலை செய்யாமல் போகும். சர்வரிலும் கன்டெய்னரிலும் நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் விருப்பம் பயனுள்ளது. ஃபெடோராவில் டிஎன்எஃப் அமைப்பில் வீக் டெப்ஸ் வரியை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

டெபியனில் ஒரு சர்வீஸை நிறுவினால் அது உடனே ஓடத் தொடங்கிவிடும். ஃபெடோராவில் ப்ரீசெட் கோப்புகள் முடிவு செய்கின்றன, பட்டியலில் இல்லாதவை அணைந்தே இருக்கும். இந்த விஷயத்தில் ஃபெடோராவின் வழியே சரி என்பது என் கருத்து. அமைப்பை எழுதும் முன்பே ஒரு டேட்டாபேஸ் நெட்வொர்க்கில் காது கொடுத்து உட்காருவது நல்லதில்லை. டெபியனில் இதைத் தவிர்க்க, நிறுவும் முன்பே அந்தச் சர்வீஸ் பெயரை மாஸ்க் செய்துவிடுங்கள். அப்படி ஒரு யூனிட் இல்லையே என்று எச்சரித்தாலும் மாஸ்க் விழும். பொதியை நிறுவி, அமைப்பை எழுதி முடித்த பிறகு அன்மாஸ்க் செய்யலாம்.

படி 8: பதிப்பையும் மூலத்தையும் நீங்களே முடிவு செய்ய

ஒரு பொதி இப்போதைக்கு நகரக் கூடாது என்றால் ஆப்ட்-மார்க் ஹோல்ட். எளிது, ஆனால் பாதுகாப்பு அப்டேட்டும் சேர்ந்தே நிற்கும். சில நாட்களுக்கான மருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மூலத்திலிருந்து வரட்டும் என்பதற்குப் பின்னிங். ஈடிசி/ஆப்ட்/ப்ரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் பொதியின் பெயர், மூலம், முன்னுரிமை எண் என மூன்று வரி. சாதாரண மூலங்களுக்கு எண் 500. 1000 அல்லது அதற்கு மேல் கொடுத்தால் பதிப்பு எண் இறங்கினாலும் அதையே நிறுவும். மைனஸ் எண் கொடுத்தால் எப்போதும் நிறுவாது.

உபுண்டுவின் ஃபயர்ஃபாக்ஸில் இது தெளிவாகத் தெரியும். 22.04 முதல் ஆப்ட் வழியாக ஃபயர்ஃபாக்ஸ் கேட்டால் ஒரு வெற்றுப் பொதி வந்து, உபுண்டுவின் தனிப் பொதி வடிவமான ஸ்னாப் பதிப்பை நிறுவும். மொசில்லாவோ 2024 ஜனவரி முதல் தன் சொந்த மூலத்தில் ஆப்ட் நேரடியாக நிறுவும் டெப் பொதி தருகிறது. அதைச் சேர்த்துவிட்டு நிறுவினால் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். உபுண்டுவின் வெற்றுப் பொதியின் பதிப்பு எண் 1: என்று தொடங்குகிறது. அந்த ஒன்றும் முக்காற்புள்ளியும் ஈபோக். அது இருந்தால் பின்னால் வரும் எந்தப் பெரிய எண்ணையும்விடப் புதியதாகக் கருதப்படும். மொசில்லாவின் நூற்றுச் சொச்சப் பதிப்பு தோற்றுவிடும். எனவே மொசில்லா மூலத்துக்கு 1000 என்று பின் எழுத வேண்டும். பிறகு ஆப்ட்-கேஷ் பாலிசி கொடுத்து எது ஜெயிக்கிறது என்று பாருங்கள்.

லினக்ஸ் மின்ட் 20-இல், அதாவது 2020-இல், நோஸ்னாப்.ப்ரெஃப் என்ற கோப்பின் மூலம் ஸ்னாப்டி பொதிக்கு மைனஸ் 10 கொடுத்துத் தடுத்தார்கள். அதுவும் டிஸ்ட்ரோ பயனருக்காக எடுத்த முடிவுதான். ஆனால் அது வெளிப்படையாக ஈடிசியில் ஒரு கோப்பாக இருக்கிறது. நீக்கினால் ஸ்னாப் கிடைக்கும் என்று ஆவணத்திலும் எழுதியிருக்கிறார்கள். முடிவு யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அதைத் திருப்பும் வழி தெரிகிற இடத்தில் இருப்பதால் நான் அதை மதிக்கிறேன்.

படி 9: தேர்வே பொதிக்குள் இல்லாதபோது

சில வசதிகள் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும். எந்த அமைவுக் கோப்பாலும் அவற்றை வரவழைக்க முடியாது. 2024 மே மாதம் டெபியனின் வளர்ச்சிக் கிளையில், கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ்எக்ஸ்சி பொதி, நெட்வொர்க், பிரவுசர் இணைப்பு போன்றவை இல்லாமல் கட்டப்பட்டது. எல்லாம் வேண்டுபவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி-ஃபுல் என்று தனிப் பொதி. கடவுச்சொல் பெட்டிக்குள் நெட்வொர்க் நிரல் எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்ஸ்ட்ரீம் கடுமையாக எதிர்த்தது. பயனர்கள் பிரவுசர் இணைப்பு உடைந்துவிட்டது என்று அவர்களிடம்தான் போய் நின்றார்கள். என் பார்வையில், சுருக்கிய பொதிக்குத்தான் புதிய பெயர் தந்திருக்க வேண்டும். ஏற்கெனவே நிறுவியவர்கள் அந்தப் பெயரைச் சொன்னபோது எதைக் கேட்டார்களோ அதுவே தொடர்ந்து கிடைத்திருக்கும்.

இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் ஃபுல், மினிமல், டைனி, நாக்ஸ் போன்ற வேறு வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். பொதிகளைப் பயனர் கணினியிலேயே கட்டும் ஜென்டூவில் இருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. யூஸ் ஃப்ளாக் மாற்றினால் பொதி அவர் விருப்பப்படி கட்டப்படும், ஈடிசி/போர்டேஜ்/பேட்சஸ் கோப்புறையில் சொந்த பேட்ச் வைத்தால் ஒவ்வொரு முறையும் தானாகச் சேரும்.

டெபியனில் நீங்களே கட்ட வேண்டுமானால்: ஆப்ட் பில்ட்-டெப், பிறகு ஆப்ட் சோர்ஸ், டெபியன்/ரூல்ஸ் கோப்பில் உங்கள் மாற்றம், டிசிஎச் கட்டளையின் லோக்கல் விருப்பத்தால் பதிப்பு எண்ணுக்குப் பின்னொட்டு, கடைசியாக டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ். பின்னொட்டில் கவனம் வேண்டும். 1.2-3 என்ற பதிப்புக்கு டெபியன் தரும் பாதுகாப்பு அப்டேட், கூட்டல் குறியோடு டெப்13யு1 என்று முடியும். நீங்களும் கூட்டல் குறி போட்டு லோக்கல் என்று எழுதினால், ஆங்கில அகரவரிசையில் எல் எழுத்து டி எழுத்துக்குப் பின் வருவதால் உங்கள் பொதியே புதியதாகிவிடும். பாதுகாப்பு அப்டேட் உங்களை எட்டாது. கூட்டல் இல்லாமல் நேராக எழுத்தில் தொடங்கும் பின்னொட்டு வைத்தால் பாதுகாப்பு அப்டேட் மேலே வரும், நீங்கள் மறுபடி கட்டிக்கொள்ளலாம். சந்தேகம் என்றால் டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் விருப்பத்தால் சோதியுங்கள்.

நிரலையே திருத்தும் முன் இரண்டு நிகழ்வுகளை நினைவில் வையுங்கள். 2006 செப்டம்பரில் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கப் பொதியில், சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை அடக்க ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். சீரற்ற எண்களுக்கான ஊற்று அதில் வறண்டுபோனது; புராசஸ் எண் மட்டுமே மிச்சம். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும் வரை டெபியன், உபுண்டு கணினிகளில் உருவான சாவிகள் ஒரு வகைக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்கின. இரண்டாவது, 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் ஒளித்துவைத்திருந்த பின்கதவு. எஸ்எஸ்எச்டி தானாக அந்த நூலகத்தைத் தொடுவதே இல்லை. சிஸ்டம்டியோடு பேசுவதற்காகச் சில டிஸ்ட்ரோக்கள் சேர்த்த பேட்ச் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. திருத்தத்தை அப்ஸ்ட்ரீமிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது சடங்கு என்று தோன்றினால் இந்த இரண்டையும் மறுபடி படியுங்கள்.

படி 10: ஃபிளாட்பேக்கும் அப்ஸ்ட்ரீமும் நேரடியாக வரும்போது

ஃபிளாட்பேக் என்பது எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் பொதி வடிவம். அதில் பல நேரம் அப்ஸ்ட்ரீமே பொதியைக் கட்டும். யார் கட்டியது என்பதைப் பார்த்து நிறுவுங்கள். 2025 பிப்ரவரியில், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற வீடியோ பதிவு மென்பொருளின் குழு, ஃபெடோரா தானாகக் கட்டிய தங்கள் ஃபிளாட்பேக் உடைந்திருப்பதாகவும் பயனர்கள் அதை அதிகாரபூர்வமானது என்று நம்பித் தங்களிடம் வருவதாகவும் சொல்லி, சட்ட நடவடிக்கை வரை பேசியது. ஒரே பெயரில் இரண்டு மூலங்கள் இருந்தால் நிறுவும்போது ரிமோட் பெயரைக் குறிப்பிட்டுவிடுங்கள்: ஃபெடோராவா, ஃபிளாட்ஹப்பா.

அப்ஸ்ட்ரீம் கேட்டிருக்கும் அனுமதிகள் அதிகம் என்று பட்டால் ஃபிளாட்பேக் ஓவர்ரைடு கட்டளையால் உங்கள் பயனருக்கு மட்டும் குறைக்கலாம். ஹோம் கோப்புறை அணுகலை எடுத்துவிடுவது நான் வழக்கமாகச் செய்வது. அப்டேட்டில் அது அழியாது. ஷோ விருப்பம் கொடுத்தால் நீங்கள் மாற்றியவை தெரியும்.

படி 11: பெரிய அப்கிரேடுக்கு முன்

ஈடிசியை கிட்டில் வைக்கும் ஈடிசிகீப்பர் பொதியை இன்றே நிறுவுங்கள். ஒவ்வொரு ஆப்ட் ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் தானாக கமிட் ஆகும். எந்த வரி நீங்கள் எழுதியது, எது பொதி கொண்டுவந்தது என்று தனித்தனியே தெரியும்.

பிறகு ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட், அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸின் கெட்-செலெக்‌ஷன்ஸ், சிஸ்டம்டி-டெல்டா மூன்றையும் ஓட்டி வெளியீட்டைச் சேமியுங்கள். ஈடிசிக்குள் .டிபிகேஜி-டிஸ்ட், .டிபிகேஜி-ஓல்ட், .யுசிஎஃப்-டிஸ்ட் என்று முடியும் கோப்புகளைத் தேடி, ஒப்பிட்டு, நீக்குங்கள். ப்ரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் உள்ள ஒவ்வொரு பின்னையும் படியுங்கள். ஏன், எப்போது எழுதினேன் என்று மேலே ஒரு கமெண்ட் இல்லாத பின் கோப்பைப் பார்த்தால் ஆப்ட்-கேஷ் பாலிசியில் அது இன்னும் எதையாவது மாற்றுகிறதா என்று சோதியுங்கள். ஒன்றும் மாற்றவில்லை என்றால் நீக்கிவிட்டு ஆப்ட் அப்டேட் கொடுங்கள். மாற்றுகிறது என்றால் காரணத்தை இப்போதே கமெண்ட்டாக எழுதிவிட்டு அப்கிரேடைத் தொடங்குங்கள்.